சிங்கப்பூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: பிள்ளைகளோடு காடும் கடலும் பார்க்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்து இறங்கும் நம்மவர்களுக்கு முதல் சில மாதங்கள் வீடு பார்ப்பதிலும் பள்ளிக்கூடம் தேடுவதிலும் போய்விடும். அதற்குப் பிறகு வார இறுதிகள் ஒரு பழக்கத்தில் விழுந்துவிடுகின்றன. சனிக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை குளுகுளுவென்று ஒரு கடைத்தொகுதி. "வெளியே வெயில் தாங்கல, பிள்ளை சிணுங்குறான்" என்ற ஒரே காரணத்துக்காக, வீட்டிலிருந்து பேருந்தில் எட்டிவிடக்கூடிய மழைக்காட்டைப் பார்க்காமலே ஊர் திரும்பிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏனென்றால் இவ்வளவு சின்னத் தீவில் நான்கு இயற்கை வனப்பகுதிகள் சட்டப் பாதுகாப்போடு இருக்கின்றன: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லேப்ரடார். அங்கே நடப்பதற்குக் கட்டணம் இல்லை, கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வெளியே சுற்ற வேண்டுமானால், எந்த இடம் என்று யோசிப்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று யோசிக்க வேண்டும். நேரம் சரியாக அமைந்தால் சாதாரணப் பூங்காகூட நன்றாக இருக்கும். நேரம் தவறினால் எவ்வளவு அழகான இடமும் அழுகையில்தான் முடியும்.

முதலில் கடிகாரம்

பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து, மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. கோடை, குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் உச்சி வெயில் பகல் 12 மணிக்கு வருவதில்லை, 1 மணியை ஒட்டித்தான் வருகிறது. ஊரில் இருந்ததுபோல் டிபன் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குக் கிளம்பினால், பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் வேளையில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

சென்னைக்காரர்கள் "எங்களுக்கு வெயில் புதுசா?" என்று கேட்பார்கள். இங்கே வெப்பநிலை 32, 33 டிகிரியோடு பெரும்பாலும் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை உடம்பில் நிற்குமே தவிரக் காயாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இதில் சீக்கிரம் தளர்ச்சி வந்துவிடும். "சும்மா சிணுங்குகிறான்" என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் பிள்ளைக்கு உண்மையாகவே முடியவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவே பையைக் கட்டி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை ஒரு பழமோ ரொட்டியோ கொடுத்து, 7 மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்குங்கள். ஒன்பதரை மணிக்கு முடித்துக்கொண்டு பக்கத்து உணவங்காடி நிலையத்தில் ஆளுக்கு ஒரு பரோட்டாவும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். மாலையில் போவதானால் 5 மணிக்குப் பிறகு. ஆனால் அந்தி இங்கே மிகக் குறுகியது. சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டும். மாலை நடையைப் பூங்காவோடு வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் வேண்டாம்.

உடம்பு பழகட்டும்

வந்து இறங்கிய முதல் இரண்டு வாரம் பெரிய நடை எதுவும் வைக்காதீர்கள். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறங்கி, பக்கத்திலுள்ள பூங்கா இணைப்புப் பாதையில் அரை மணி நேரம் நடந்தாலே போதும். தீவு முழுவதையும் இந்தப் பாதைகள் பின்னிப் பிணைத்திருக்கின்றன. குழந்தை வண்டி தள்ளலாம், சைக்கிள் ஓட்டலாம், நடுவில் அலுத்துப்போனால் ஏதாவது ஒரு பேருந்து நிறுத்தம் கண்ணில் படும்.

முதல் 'பெரிய' இடமாக நான் சொல்வது பீஷான் - அங் மோ கியோ பூங்கா. முன்பு இங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஒரு காங்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்தெடுத்து, கற்களும் செடிகொடிகளுமாக வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். இப்போது அதன் நீளம் 3.2 கிலோமீட்டர். பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து மீன் பார்க்கலாம், ஆற்றின் குறுக்கே போட்ட கற்களில் தாவிப் போகலாம். காலை வேளையில் நீர்நாய்க் குடும்பம் கண்ணில் பட்டாலும் படும். மழை வந்து ஆறு ஏறினால் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வரும்; அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆறு எப்படி ஏறும் என்பதைப் பாதுகாப்பாகக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வாரம் ஒரு புது இடம் என்று ஓடினால் நமக்குத்தான் பெருமை. பிள்ளைகளுக்குப் பழகிய இடத்தில்தான் தைரியம் வருகிறது. போன முறை உடும்பு படுத்திருந்த மரத்தடியை இந்த முறை அவர்களே ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

கிளம்புமுன் வானத்தைப் பாருங்கள்

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் 'மைஇஎன்வி' செயலியை முதல் நாளே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மழை எந்தப் பக்கம் இருக்கிறது, மின்னல் எங்கே, காற்றுத்தரம் எப்படி, டெங்கிப் பகுதிகள் எவை, எல்லாமே அதில் கிடைக்கும். நான் கிளம்புமுன் மூன்றைப் பார்ப்பேன்.

ஒன்று, மழை வரைபடம். இங்கே மழை ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பெய்யாது. ஜூரோங்கில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிக்கும். மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். பருவத்தையும் மனதில் வையுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை விடாமல் நாள்கணக்கில் பெய்யும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பின்னிரவிலோ விடியற்காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றோடு மழை அடித்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்படி ஓய்ந்த காலைப்பொழுது குளுமையாக இருக்கும். ஆனால் காட்டுப் பாதைக்கு அன்று வேண்டாம். நனைந்த மரக்கிளைகள் முறிந்து விழும் நேரம் அது.

இரண்டு, வெப்ப அழுத்த அளவு. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் இது. 31க்குக் கீழே இருந்தால் குறைவு, 31 முதல் 33 வரை மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். 'அதிகம்' என்று வந்துவிட்டால் நான் பிள்ளைகளை வெளியே ஓடவிட மாட்டேன்.

மூன்று, காற்றுத்தரக் குறியீடு. பக்கத்து நாட்டில் காட்டுத்தீ எரிந்தால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் இங்கே வந்துவிடலாம். எல்லா ஆண்டும் வருவதில்லை. வந்துவிட்டால், குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் அதற்கு முன்பே.

இடி இடித்தால்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள். உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் சராசரியாக 160 நாள்களுக்கு மேல் இங்கே இடி இடிக்கிறது. ஊரில் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று பாட்டி சொல்வார், நாமும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்போம். இங்கே கடற்கரையிலோ மேட்டிலோ திறந்த புல்வெளியிலோ இருக்கும்போது அந்த வேடிக்கை ஆபத்து.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டுவிட்டால் மின்னல் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ பேருந்து, கார் போன்ற மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. திறந்த வெளியில் குடை பிடிக்கக் கூடாது. நான்கு கால் மேல் கூரை மட்டும் போட்ட குடில்கள் மழைக்கு உதவும், மின்னலுக்கு நம்ப முடியாது. சிலவற்றில்தான் மின்னல் தடுப்பு பொருத்தி, அதைச் சொல்லும் பலகை வைத்திருப்பார்கள். நீச்சல் குளத்தில் எச்சரிக்கை ஒலித்ததும் எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள். அப்போது பிள்ளை "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சினாலும் மறுபேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

நடக்கத் தொடங்குமுன் "இங்கே இடி வந்தால் எங்கே ஓடுவோம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சுற்றிப் பார்த்து இடம் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. இப்போது புது இடத்துக்குப் போனால் பெரியவள் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

பையில் என்ன

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். உப்புப் போட்ட நீர்மோரை ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள், வியர்வையில் போன உப்பை அது ஈடுகட்டும். சாப்பாட்டில் எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், பொடி தடவிய இட்லி தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் ஊசிப்போகும்.

உடையில் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடை உரசிப் புண்ணாகும். பருத்தியும் வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய டிஷர்ட், காட்டுக்கு என்றால் முழுக்கால் சட்டை, விரல் மூடிய காலணி. கொசு விரட்டி, வெயில் களிம்பு, தொப்பி, மெல்லிய மழைக்கோட்டு, கைப்பேசிக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. பிள்ளைகளுக்கு உள்ளாடை உட்பட இன்னொரு செட் துணி. வெயில் களிம்பைப் பூசிக் காய்ந்த பிறகு அதன்மேல் கொசு விரட்டியைப் பூச வேண்டும்.

பிளாஸ்டிக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், எல்லாமே முதுகுப்பைக்குள் இருக்கட்டும். காரணம் குரங்கு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த வயதுக்கு எந்த இடம்

கைக்குழந்தையும் குழந்தை வண்டியும் இருந்தால் தாவரவியல் பூங்காவில் தொடங்குங்கள். 1859இல் உருவான பூங்கா, 2015 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலம். அதற்குள்ளேயே பிள்ளைகளுக்கென்று தனியாக ஜேக்கப் பாலஸ் தோட்டம் இருக்கிறது. மர வீடு, தண்ணீர் விளையாட்டு எல்லாம் இலவசம். பெரியவர்கள் பிள்ளை இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்பது எனக்குப் பிடித்த விதி. அந்தத் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் தென் மலைத்தொடர்ப் பாதை. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் அலைபோல் வளைந்து போகும், உட்கார இடம் உண்டு. அதையடுத்து தெலுக் பிளாங்கா குன்றில் மரங்களின் நடுவே போகும் இரும்புப் பாதையில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, சக்கர நாற்காலியும் போகும். தளம் வலைபோல் இருப்பதால் கீழே காடு தெரியும். உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்கைந்து வயதான பிள்ளை, பாலூட்டியோ பறவையோ ஏதாவது 'பெரிசா' பார்த்தே ஆக வேண்டும் என்கிறதா? சுங்கை பூலோ. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா பக்கமிருந்து உள்ளான்கள் வந்து சேற்றுத் திட்டுகளில் இரை தேடும். கோடியக்கரையில் அவற்றைப் பார்த்தவர்களுக்குப் பழைய சொந்தக்காரர்களைப் பார்த்தது போலிருக்கும். ஆனால் பிள்ளைகள் அங்கே பறவையை மறந்துவிட்டு வேறொன்றில் மயங்கிவிடுகிறார்கள். கடல் வடிந்த நேரத்தில் பலகைப் பாதையில் குப்புறப் படுத்துக் கீழே பாருங்கள். சேற்றின் நிறத்திலேயே ஒரு மீன், தலை உச்சியில் இரண்டு தவளைக் கண்கள், முன் துடுப்புகளை முழங்கை ஊன்றுவதுபோல் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று பக்கத்தில் வந்தால் முதுகுத் துடுப்பை விரித்துக் காட்டி ஒரே தாவலில் அதைத் துரத்தும். அதன் கண் காய்ந்ததும் உள்ளே இழுத்து நனைத்து மறுபடி வெளியே தள்ளுவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் போனதே தெரியாது.

ஏழெட்டு வயதானதும் மெக்ரிட்சி. ஊரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் அது. காட்டுக்குள் 250 மீட்டர் நீளத் தொங்கு பாலம் இருக்கிறது, மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவழிப் பாதை, ஏறியவர்கள் திரும்பி வர முடியாது, மறுபக்கம் இறங்கிப் படிகள் நிறைந்த வழியில் நடந்துதான் வர வேண்டும். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து தொடங்கினால் மொத்தம் 10 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து போனால் தூரம் குறையும். குழந்தை வண்டி உதவாது. பொது விடுமுறை தவிர்த்த திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும், அதோடு காலையில் சீக்கிரமே திறக்காது. ஆகவே கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொங்கு பாலத்துக்காகப் பிள்ளைகளை வதைக்காதீர்கள். பாதியில் திரும்பினாலும் மெக்ரிட்சியின் நீர்க்கரைப் பாதையே நல்ல நடை.

புக்கிட் தீமா, தீவின் மிக உயர்ந்த குன்று. 163 மீட்டர் என்று கேட்டால் மலை பார்த்த நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். தார்ப் பாதை செங்குத்தாக ஏறும், மூச்சு வாங்கும். உச்சியில் காட்சி என்று பெரிதாக இல்லை. போகும் வழியில் இருக்கும் பழங்காட்டுக்காகத்தான் போக வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்ற பிள்ளைக்கு 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. நடையும் பிடித்து வரலாறும் பிடித்த பிள்ளைக்குப் பழைய ரயில் பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் தடம் அது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோயிற்று. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா நிலையமும் இரும்புப் பாலமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

குரங்கு, உடும்பு, முதலை

இவை எல்லாமே இந்த ஊரில் காட்டில் வாழ்கின்றன, கூண்டில் அல்ல. வனவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம். கோயில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். தீனி கிடைத்துப் பழகிய குரங்கு பிறகு ஆளைத் தேடி வரும், பையைப் பிடுங்கும், கடைசியில் அதன் உயிருக்கே அது வினையாகும்.

பிளாஸ்டிக் பையைக் கண்டால் அதற்குள் தீனி என்று இங்குள்ள நெட்டைவால் குரங்குகளுக்குத் தெரியும். சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்பு கேட்டாலே போதும், மரத்திலிருந்து இறங்கிவிடும். குரங்கு வழியில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதை அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. பையைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நீர் உடும்பு பெரிதாக இருக்கும், ஆனால் தன் வழியில் போய்விடும். சுங்கை பூலோவின் உவர்நீர் முதலையை மட்டும் சாதாரணமாக எண்ணாதீர்கள். பாதையை விட்டு இறங்காமல், கரை விளிம்பில் குந்தாமல் இருந்தால் பயமில்லை. பாம்பு கண்ணில் பட்டால் நின்று, விலகி, போகவிடுங்கள். மலைப்பாம்பும் நாகமும் இங்கே உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் பலவற்றில் தமிழும் இருக்கும். வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடமே வாசிக்கச் சொல்லுங்கள்.

புலாவ் உபினில் ஒரு நாள்

இந்த ஊரில் ஒரே ஒரு முழுநாள் பயணம் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் சின்னத் தீவு. அடுக்குமாடி இல்லை, போக்குவரத்து விளக்கு இல்லை. ரப்பர் மரமும் தென்னையும் தகரக் கூரை வீடுகளுமாக, பழைய கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையின் மிச்சம் அங்கே இருக்கிறது.

தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமம். அங்கிருந்து சில நிமிட நடையில் படகுத்துறை. முன்பதிவு கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பும். கட்டணம் ஆளுக்குச் சில வெள்ளிதான், ஆனால் சில்லறையாகக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். டீசல் வாடையும் பலகை அதிர்வும் முகத்தில் தெறிக்கும் உப்புத் தண்ணீரும் பிள்ளைகளுக்கு அதுவே பாதித் திருவிழா.

கிளம்பும் நாளைக் கடல் ஏற்றவற்றத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதைத்தான் புதியவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா, கடல் வடிந்தால்தான் தன்னைக் காட்டும். தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால் பலகைப் பாதைக்குக் கீழே வெறும் கடல்தான் தெரியும். வானிலை ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் அன்றைய ஏற்றவற்ற நேரம் இருக்கும். கடல் மிகவும் வடியும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே நிற்கும்படி கணக்குப் போட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். அந்த வேளை காலையில் விழும் சனி, ஞாயிறு கிடைத்தால் விடாதீர்கள்.

படகிலிருந்து இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் கடையில் எடுத்துவிடாமல் பிரேக்கையும் இருக்கை உயரத்தையும் சோதியுங்கள். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். பின்னிருக்கையில் பிள்ளையை வைக்கும் சைக்கிளும், பெரியவர் பிள்ளை இருவரும் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளும் கிடைக்கும். செக் ஜாவா போகும் வழியில் இறக்கங்கள் செங்குத்தானவை, சரளைக்கல் வேறு. "இறங்கித் தள்ளவும்" என்று பலகை இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், பெரியவர்களும்தான். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் படகுத்துறைக்கு அருகிலேயே வேன் பேசிக்கொள்ளலாம்.

செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடையில் தின்பண்டம் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு அந்த இடத்துக்கு வரும், பையைக் கிழித்து எடுத்துவிடும். குட்டி அழகாக இருக்கிறதே என்று பிள்ளை கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

உள்ளே கடலோரப் பலகைப் பாதையும் அலையாத்திக் காட்டுப் பாதையும் சேர்ந்து ஒரு சுற்று. நடுவில் ஏறிப் பார்க்க ஜெஜாவி கோபுரம். கடல் வடிந்திருந்தால் புல்வெளிபோல் கடற்புல் தெரியும், நண்டும் சங்கும் நட்சத்திர மீனும் பார்க்கலாம். இருவாச்சிகள் தலைக்கு மேல் சிறகடிக்கும் ஓசை தெளிவாகக் கேட்கும். இந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்கத்தான் திட்டம் இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் இதன் வளத்தை எடுத்துக்காட்டிய பிறகு அரசு அதைத் தள்ளிவைத்தது. பிள்ளைகளிடம் இந்தக் கதையை அங்கே நின்று சொல்லுங்கள். எதையும் பொறுக்கி எடுத்துவரக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை பிறகு வராது.

திரும்பி வந்து படகுத்துறைக் கடைகளில் இளநீர் குடியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே சாப்பாடு சிரமம், கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. பிற்பகல் இடிமழைக்கு முன்பே படகேறிவிடுவது உத்தமம். எப்படியும் இருட்டும் வரை காத்திருக்காதீர்கள், ஆள் சேராவிட்டால் படகு கிளம்பாது.

கூடாரமும் எல்லைக்கு அப்பாலும்

பிள்ளைகள் கூடாரம் கேட்டால் பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் குறிப்பிட்ட இடங்களில் போடலாம். தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை; இரவிலும் புழுக்கம் குறையாது, ஒரு சின்ன மின்விசிறி எடுத்துப்போங்கள்.

இங்கே நன்றாகப் பழகிய பிறகு மலேசியாவுக்குப் போகலாம். தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடிவிடும். ஜொகூர் அருவிகளுக்குப் போனால் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலைதழையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துண்டைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். குற்றாலத்தில் அருவி பொங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும்

எல்லாரும் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். காலிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகளுக்குப் பார்த்துவிடுங்கள். காலணியைக் கழுவி உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், இல்லையென்றால் இந்த ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும்.

நடக்கும்போதோ திரும்பிய பிறகோ யாருக்காவது வாந்தி, கடும் தலைவலி, பேச்சில் குழப்பம் வந்தால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 995க்கு அழையுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எங்கே போனீர்கள், கொசு கடித்ததா, அருவியில் குளித்தீர்களா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் வீட்டில் இருந்தாலும் எடுக்க வேண்டாம்.